பனிக்கு ஒரு பாட்டு, நள்ளிரவுக்கு ஒரு பாட்டு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், யூதர்களின் பாஸ்கா விருந்து பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதியபோது, அந்த இரவில் பாடப்படும் பாட்டுகளுள் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,400 வயது என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் பலர் எழுதிவிட்டார்கள். எனவே இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். நம்மவர்கள் பாஸ்கா என்றும் பஸ்கா என்றும் சொல்லும் திருவிழாவை எபிரேயத்தில் பெசாக் என்பார்கள். இரு சொற்களும் இங்கே கலந்து வரும்.

மதுரை வாசகர் ஒருவர்: யூதர்களின் தொழுகை வாசகங்கள் மாறாதவை என்று படித்திருக்கிறேன். அப்படியானால் அவற்றுக்குள் கவிதைக்கு ஏது இடம்? 'பியூத்' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

கவிஞனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எபிரேயம் வாங்கி 'பய்தான்' என்று ஆக்கிக்கொண்டது. பய்தான் புனைவது பியூத், பன்மையில் பியூதிம். எபிரேயத்தில் காதலையும் மதுவையும் பாடிய கவிதைகளும் உண்டு, ஆனால் அவற்றை யாரும் பியூத் என்று அழைப்பதில்லை. தொழுகைக்கென்று, அதிலும் பெரும்பாலும் இன்ன நாளுக்கு இன்ன இடத்துக்கு என்று அளந்து செய்யப்பட்ட பாட்டுக்கே அந்தப் பெயர்.

தொழுகையின் நடுநாயகமான பகுதி 'அமிதா'. எல்லோரும் நின்றபடி தாழ்ந்த குரலில் அதைச் சொல்லி முடித்த பிறகு, தொழுகையை முன்நின்று நடத்தும் ஹஸ்ஸான் அதை உரத்த குரலில் திரும்பச் சொல்வார். அதிலுள்ள ஒவ்வோர் ஆசியுரையும் முடிகிற வாசகத்தை மாற்ற யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த முடிவுக்குப் போய்ச் சேரும் வழியில் அன்றைய நாளுக்குரிய பாட்டைப் பாடலாம். பய்தான் தன் விருப்பத்துக்குப் பாட்டைத் தொடங்கினாலும், கடைசி அடிகளை வளைத்துக் கொண்டுவந்து அந்த மாறாத வாசகத்தில் சேர்த்தாக வேண்டும். அவருடைய கைத்திறமை வெளிப்படுவதே அந்த வளைவில்தான்.

இந்த வழக்கம் எப்படித் தோன்றியது என்பதற்குப் பழைய விளக்கம் ஒன்று உண்டு. ஆட்சியாளர்கள் பாலஸ்தீனத்தில் யூதர்களின் தொழுகையைத் தடைசெய்ததாகவும், மக்கள் தொழுகையைப் பாட்டுக்குள் ஒளித்து வைத்ததாகவும், 800ஆம் ஆண்டு வாக்கில் பிர்கோய் பென் பாபோய் என்ற பாபிலோனிய மரபு அறிஞர் எழுதினார். பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் 553இல் யூதர்களின் மரபுரை போதனையைத் தடைசெய்து சட்டம் இயற்றியது வரலாறு. இருந்தும் இந்த விளக்கம் எனக்கு முழு நிறைவு தருவதில்லை. பாபிலோனிய அறிஞர்களுக்குப் பியூத் பிடிக்காது. தடை நீங்கிவிட்டதால் பாட்டையும் நிறுத்துங்கள் என்று சொல்வதற்காகவே பிர்கோய் இந்தக் கதையை எடுத்தார். அஞ்சி ஒளிந்து பாடியவர்களின் குரல் அந்தப் பாட்டுகளில் கேட்பதுமில்லை. சொல்லோடு விளையாடும் உற்சாகம்தான் கேட்கிறது. வாரம் தவறாமல் அதே வாசகத்தைக் கேட்டு அலுத்த காதுக்குப் புதிதாக ஒன்று தேவைப்பட்டது என்று கொண்டாலே போதுமே.

திருநெல்வேலி வாசகி ஒருவர்: பாஸ்கா இரவில் பாடும் அந்தப் பழைய பாட்டு எது? அதன் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்லுங்கள்.

'அஸ் ரோவ் நிஸ்ஸிம்' என்று தொடங்கும் பாட்டு அது. "அன்று இரவில் பற்பல அற்புதங்கள் செய்தாய்" என்பது முதலடியின் பொருள். எகிப்திலிருந்து வெளியேறிய கதையைக் குடும்பமாக அமர்ந்து வாசிக்கும் 'ஹகதா' என்ற நூலில், ஜெர்மனி, போலந்து வழி யூதர்களின் வழக்கப்படி, முதல் நாள் விருந்தின் இறுதிப் பகுதியில் அது வருகிறது.

மொத்தம் 22 அடிகள். எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள் இருப்பதால், ஆலெஃபில் தொடங்கி தாவ் வரை அடிக்கு ஓர் எழுத்தாக முதலெழுத்துகள் வரிசையாக வருகின்றன. ஔவையின் ஆத்திசூடி நம்மிடம் இருப்பதால் இந்த முறை தமிழருக்குப் புதிதல்ல. ஆனால் இந்தப் பாட்டில் அடியின் தலை மட்டுமல்ல, காலும் கட்டப்பட்டிருக்கிறது. 22 அடிகளும் 'லைலா' என்ற ஒரே சொல்லில் முடிகின்றன. லைலா என்றால் இரவு. மூன்று அடிக்கு ஒரு முறை, "அது நள்ளிரவில் நடந்தது" என்ற பல்லவி திரும்பி வருகிறது. அது கவிஞரின் சொந்த வாக்கியமல்ல. எகிப்தின் தலைப்பிள்ளைகள் மாண்ட இரவைச் சொல்லும் விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரத்து வாசகத்தை அப்படியே எடுத்துப் பல்லவியாக்கிக்கொண்டார்.

அந்த ஓர் இரவிலிருந்து கிளம்பி, மறைநூலில் இரவில் நிகழ்ந்தவை என்று மரபு சொல்லும் எல்லாவற்றையும் பாட்டு ஒரு சரத்தில் கோக்கிறது. ஆபிரகாம் தன் படையை இரவில் பிரித்துப் போரிட்டது, கெரார் அரசனுக்கு வந்த கனவு, யாக்கோபு விடியும்வரை மல்லாடியது, சிசெராவுக்கு எதிராக விண்மீன்கள் போர்புரிந்தது, பெல்சாட்சர் கொலையுண்டது, பாரசீக மன்னனுக்கு உறக்கம் வராமல் போனது என்று போகிறது வரிசை. ஆனால் இவர்களில் பெரும்பாலோரைப் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. தானியேல் 'அன்புக்குரிய மனிதர்', ஆமான் 'ஆகாகியன்', எகிப்து 'பத்ரோஸ்'. முருகனைச் சூர் தடிந்தவன் என்று சொல்லிவிட்டுப் போகும் புலவர், கேட்பவருக்குக் கதை தெரியும் என்று நம்பித்தானே பாடுகிறார்? பய்தானின் நம்பிக்கையும் அத்தகையதே. முடிவில் கடந்த காலம் நழுவி, பகலுமல்லாத இரவுமல்லாத ஒரு நாள் நெருங்கட்டும் என்று பாட்டு வேண்டத் தொடங்குகிறது. "இரவின் இருளைப் பகலொளி போல் ஒளிரச் செய்" என்பது கடைசி அடி. அதுவும் 'லைலா' என்றே முடிகிறது. ஒளியைக் கேட்கும் அடியும் இரவு என்ற சொல்லில்தான் நிற்கிறது என்பதை நான் பல முறை படித்த பிறகே கவனித்தேன்.

சென்னை வாசகர் ஒருவர்: அந்தப் பாட்டை எழுதியவர் யார்? அவர் பெயர் ஏன் மறக்கப்பட்டது?

அவர் பெயர் யன்னாய். 6ஆம் நூற்றாண்டு வாக்கில் பைசாந்தியப் பாலஸ்தீனத்தில் வாழ்ந்தவர். அடியின் இறுதியில் வரும் இயைபை எபிரேயக் கவிதையில் ஒழுங்காகக் கையாண்டவர்களில் நமக்குத் தெரிந்த முதல்வர் இவரே. பாட்டுக்குள் தம் பெயரைப் பொதித்து வைத்தவர்களிலும் முதல்வர். திருஞானசம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டான திருக்கடைக்காப்பில் தம் பெயரை வெளிப்படையாகச் சொல்வார். யன்னாயோ அடிகளின் முதலெழுத்துகளை மேலிருந்து கீழாகக் கூட்டிப் படித்தால்தான் அகப்படுவார். கேட்கும் காதுக்கு அந்தப் பெயர் எட்டாது; ஏட்டைப் பார்க்கும் கண்ணுக்கே எட்டும்.

பெயரை இவ்வளவு கவனமாகப் பதித்தவர் மறக்கப்பட்டதற்குக் காரணம் ஒரு நாள்காட்டி. அன்றைய பாலஸ்தீன யூதர்கள் மோசேயின் ஐந்நூல்களை வாரம் ஒரு பகுதியாக, ஏறத்தாழ மூன்று முதல் மூன்றரை ஆண்டில் வாசித்து முடித்தார்கள். பாபிலோனிய யூதர்கள் அதே நூல்களை ஓர் ஆண்டிலேயே முடித்தார்கள். யன்னாய் பாலஸ்தீன வழக்கத்தின் வாரப் பகுதி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பாட்டுத் தொகுதி செய்தவர். பின்னாளில் பாபிலோனிய வழக்கம் உலகெங்கும் பரவியபோது வாரங்களின் எல்லைகள் மாறிப்போயின. அந்தப் பாட்டுகளைப் பாட நாளே இல்லாமல் போயிற்று. யாரும் அவற்றைத் தடைசெய்யவில்லை, எரிக்கவும் இல்லை. திருவிழாக்கள் மட்டும் எந்த வழக்கத்திலும் அதே தேதியில் வந்துகொண்டிருந்தன. 'அஸ் ரோவ் நிஸ்ஸிம்' அடங்கிய தொகுதி பாஸ்காவுக்கு முந்தைய ஓய்வுநாளுக்குப் பொருந்தியதால் அது மட்டும் கரை சேர்ந்தது. பின்னர் அதிலிருந்து இந்த ஒரு பகுதி பிரிந்து விருந்து மேசைக்கு வந்தது. பிரிந்து வந்ததில் பெயர் விடுபட்டது. யன்னாய் தம் பெயரைப் பதிப்பது தொகுதியின் மூன்றாம் பாட்டில். மேசைக்கு வந்ததோ பிற்பகுதி.

எஞ்சிய அந்த ஒரே தொகுதிக்கும் ஒரு பழி வந்து சேர்ந்தது. யன்னாய் தம் மாணவர் காலிர்மேல் பொறாமை கொண்டு, அவருடைய செருப்புக்குள் தேளை இட்டுக் கொன்றார் என்று ஊரில் பேசிக்கொள்வதாகவும், அதனால் வட இத்தாலியின் லொம்பார்தியில் அதைப் பாடுவதில்லை என்றும் 12ஆம் நூற்றாண்டில் போன் நகரத்து எப்ராயிம் எழுதி வைத்திருக்கிறார். அது உண்மையில்லை என்றால் அப்படிச் சொல்பவர்களைக் கடவுள் மன்னிக்கட்டும் என்றும் அவரே சேர்த்துக்கொண்டார். வதந்தியைப் பதிவுசெய்யும்போது இவ்வளவு நேர்மை காட்டியவர்கள் அதிகம் இல்லை.

யன்னாய் மீண்டு வந்த விதம் இதைவிடச் சுவையானது. கடவுளின் பெயர் எழுதப்பட்ட தாளை யூதர்கள் குப்பையில் எறிவதில்லை. 'கெனிஸா' என்ற அறையில் போட்டு வைப்பார்கள். பழைய கெய்ரோவான புஸ்தாத்தில் உள்ள பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தின் கெனிஸாவில் பல நூற்றாண்டுத் தாள்கள் குவிந்திருந்தன. 1896–97இல் சாலமன் ஷெக்டர் அவற்றில் பெரும்பகுதியை கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். அங்கே மட்டும் இன்று 1,90,000க்கு மேற்பட்ட துண்டுகள் இருக்கின்றன. அவற்றுள் சில தோல் ஏடுகளில், ஒரு காலத்தில் சுரண்டி அழிக்கப்பட்ட கிரேக்க எழுத்து அடியில் மங்கலாகத் தெரிந்தது. மறைநூலுக்கு அக்கிலா செய்த, பெரிதும் தொலைந்துபோயிருந்த கிரேக்க மொழிபெயர்ப்பு அது. அறிஞர்கள் மகிழ்ந்துபோய் அடியெழுத்தைப் படித்தார்கள். மேலே இருந்த எபிரேயத்தை வெறும் இடையூறாகவே கருதினார்கள். இஸ்ரேல் டேவிட்சன் அந்த மேலெழுத்தைப் படித்து யன்னாயின் பாட்டுகள் என்று அடையாளம் கண்டு, 1919இல் நியூயார்க்கில் வெளியிட்டார். பிறகு மெனஹெம் சூலாய் நூற்றுக்கணக்கான துண்டுகளை ஒட்டிச் சேர்த்துப் பெரும் பதிப்பாக்கினார். அது ஷொக்கன் பதிப்பகத்தால் நாஜி ஆட்சியின் கீழிருந்த பெர்லினில் 1938இல் அச்சானது. அந்த ஆண்டின் முடிவில் அந்தப் பதிப்பகமே மூடப்பட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பென் எஸ்ரா கூடம் பாலஸ்தீன மரபினரின் கூடம். 12ஆம் நூற்றாண்டில் அங்கே சென்ற பயணி தூதெலா நகரத்து பெஞ்சமின், அவர்கள் இன்னும் மூன்று ஆண்டு வாசிப்பையே கடைப்பிடிக்கிறார்கள் என்று குறித்திருக்கிறார். உலகம் கைவிட்ட நாள்காட்டியைக் கைவிடாதவர்களின் பழந்தாள் அறையில்தான், அந்த நாள்காட்டிக்காகப் பாடியவரும் காத்திருந்தார்.

திருச்சி வாசகர் ஒருவர்: பாஸ்காவின் முதல் நாளில் மழைக்கு அல்லாமல் பனிக்காக வேண்டுவார்களாமே, ஏன்? அதற்கும் பாட்டு உண்டா?

உண்டு. செருப்பில் தேள் விழுந்ததாகச் சொல்லப்பட்ட அந்தக் காலிர்தான் அதற்கு ஆசிரியர். எலெயாசர் பிராபி காலிர் என்பது முழுப்பெயர். கடவுளின் வாசகங்கள் எழுதிய அப்பத்தைச் சிறுவயதில் தின்றதால் அப்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே பெயராயிற்று என்று ஒரு பழங்கதை உண்டு. நம்பவேண்டியதில்லை, ஆனால் கவிஞனுக்கு இனிப்பான கதை.

அந்த நாட்டில் பாஸ்கா முதல் கூடாரத் திருவிழா வரை, அதாவது வசந்தம் முடிந்து இலையுதிர் காலம் வரும்வரை, மழையே கிடையாது. அந்தப் பருவத்தில் மழை கேட்பது பொருளற்றது. அறுவடை நேரத்தில் பெய்தால் கேடுதான். கோடை முழுவதும் திராட்சைக்கும் காய்கறிக்கும் ஈரம் தருவது இரவில் இறங்கும் பனித்துளி. ஆகவே பாஸ்காவின் முதல் நாளில் "காற்றை வீசச்செய்து மழையைப் பொழியச்செய்பவன்" என்ற வாசகத்தைத் தொழுகையில் சொல்வதை நிறுத்துவார்கள். நிறுத்துவதற்கே ஒரு சடங்கு உண்டு: ஹஸ்ஸான் வெள்ளை அங்கி அணிந்து வந்து 'தல்' என்ற பனிப் பாட்டைப் பாடுவார். கூடாரத் திருவிழாவை ஒட்டி வரும் எட்டாம் நாளில் இதேபோல மழைப் பாட்டு.

பனிப் பாட்டுக்கு ஆறு கண்ணிகள். ஒவ்வொன்றும் 'தல்' என்று தொடங்கி 'பெதல்', அதாவது 'பனியால்', என்று முடிகிறது. முதல் கண்ணியைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

பனியைத் தா, உன் நிலத்தின்மேல் பரிவுகொண்டு;
உன் மகிழ்ச்சியில் எங்களை ஆசியாக வை;
தானியமும் திராட்சை ரசமும் பெருகிப் பொங்கட்டும்;
நீ விரும்பிய நகரை நிமிர்த்தி நிறுத்து, பனியால்.

மூலத்தில், இறுதியில் வரும் 'பெதல்' நீங்கலாக, நான்கு அடிகளும் ஒரே ஓசையில் முடிகின்றன. தொடக்கத்திலுள்ள 'தல்' என்ற சொல்லை விட்டுவிட்டு அடிகளின் முதலெழுத்துகளைப் பார்த்தால் தாவ், ஷின், ரேஷ், கோஃப். நெடுங்கணக்கு இங்கே கடைசி எழுத்திலிருந்து தலைகீழாக இறங்கி, ஆறாம் கண்ணியில் ஆலெஃபுக்கு வந்து சேர்கிறது. பனியும் இறங்குவதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் பனிக்குத் தொடர்பில்லாத பாட்டுகளிலும் இந்தத் தலைகீழ் வரிசை உண்டு என்பதால் அடக்கிக்கொள்கிறேன். நான்காம் அடியில் பயிர் நழுவி நகரம் வந்துவிட்டதைப் பாருங்கள். வேண்டுதல் வயலுக்கும் இடிந்த ஜெருசலேமுக்கும் சேர்த்தே.

இந்தப் பாட்டு எளிது. காலிரின் மற்றப் பல பாட்டுகள் அப்படியல்ல. வினைச்சொற்களை வெட்டிக் குறுக்கியும் புதிய சொற்களை வார்த்தும் கேட்பவரைத் திணற வைப்பார். 12ஆம் நூற்றாண்டு ஸ்பானிய அறிஞர் ஆபிரகாம் இபன் எஸ்ரா, சபை உரையாளர் நூலுக்கு எழுதிய உரையில், "உன் சொற்கள் சிலவாக இருக்கட்டும்" என்ற இடத்துக்கு வந்ததும் பொறுமையிழந்து காலிர்மேல் நான்கு குற்றங்கள் சாட்டினார்: பாட்டெல்லாம் விடுகதை, யூதச் சட்ட விவாத நூலான தால்முதின் மொழி கலந்திருக்கிறது, இலக்கணம் பிழை, போதாக்குறைக்கு மரபுக் கதைகளை நேர்ப்பொருளில் எடுத்து அடைத்திருக்கிறார். கடவுளிடம் பேசும்போது புரியும்படி பேசவேண்டும் என்பது அவர் கட்சி. இலக்கணத்தில் அவர் பக்கமே நியாயம். ஆனால் இபன் எஸ்ராவும் பியூத் எழுதியவர்தான். தெளிவாகவும் பிழையில்லாமலும் எழுதினார். அந்தக் கரடுமுரடான காலிரின் பாட்டுகளைத்தான் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் பல நூற்றாண்டுகள் திருவிழாதோறும் பாடினார்கள். காரணம் கவிச்சுவை மட்டுமல்ல: யன்னாய் வாரங்களுக்குப் பாடினார், காலிரின் பெரும்பகுதி திருவிழாக்களுக்கு. இரண்டாம் நாள் விருந்தில் பாடப்படும், அடிதோறும் 'பெசாக்' என்று முடியும் பாட்டும் இவருடையதே. தேளுக்குக் காரணமானவரும் தேளுக்கு இரையானவரும் இப்போது ஒரே புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கிறார்கள்.

கோவை வாசகி ஒருவர்: ஸ்பெயினில் அரபுக் கவிதையின் தாக்கம் எபிரேயத்துக்கு வந்தது என்கிறார்களே, அது திருவிழாப் பாட்டுகளிலும் தெரிகிறதா?

தெரிகிறது, ஆனால் உலகியல் கவிதையில் தெரியும் அளவுக்கு அல்ல. 10ஆம் நூற்றாண்டில் பெஸ் நகரத்தைச் சேர்ந்த துனாஷ் பென் லப்ரத், பாக்தாதில் சாதியா காவோன் என்ற யூத அறிஞரிடம் பயின்று கோர்டோபாவுக்கு வந்து, அரபு யாப்பை எபிரேயத்தில் பொருத்திக் காட்டினார். தமிழ் யாப்பு படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அந்த யாப்பின் அடிப்படை அலகுகள் இரண்டு: ஒரு குறுகிய அசைப்புக்குப் பின் முழு உயிர் வருவது 'யாதேத்', கிட்டத்தட்ட நம் நிரை, தனித்த முழு உயிர் 'தெனுஆ', நம் நேர். துனாஷின் புகழ்பெற்ற ஓய்வுநாள் பாட்டின் முதலடி "தெரோர் யிக்ரா லெவேன் இம் பத்". நிரை நேர் நேர், நிரை நேர் நேர் என்று அலகிட்டுப் பாருங்கள், பிசகாது. எபிரேயத்தின் இயல்பைக் கெடுத்துவிட்டார் என்று அவருடைய எதிராளியின் மாணவர்கள் கடிந்துகொண்டார்கள். தொழுகைப் பாட்டுகளில் ஸ்பானியக் கவிஞர்கள் பலரும் இந்தக் கறாரான அளவைத் தளர்த்தி, முழு அசைகளை மட்டும் எண்ணினார்கள். ஊரே சேர்ந்து பாட வேண்டியதாயிற்றே.

திருவிழாவுக்கு உதாரணம் வேண்டுமானால் யூதா ஹலேவியின் 'யோம் லெயபாஷா'வைச் சொல்வேன். பாஸ்காவின் ஏழாம் நாள் செங்கடல் பிளந்த நாள் என்பது மரபு. அன்று கடற்பாடல் அதிகாரம் வாசிக்கப்படும். ஹலேவியின் பாட்டு காலைத் தொழுகையில் 'மீட்பு' ஆசியுரைக்குச் சற்று முன்னால் வரும்.

கடலாழம் உலர்நிலமாய்ப் புரண்ட நாளில்
புதுப்பாட்டு இசைத்துப் போற்றினர் மீட்கப்பட்டோர்.

இரண்டாம் அடி ஒவ்வொரு கண்ணியின் முடிவிலும் திரும்பி வருகிறது. கண்ணிகளின் முதலெழுத்துகள் 'யூதா ஹலேவி' என்று கூடுகின்றன. அதில் ஒரு கண்ணி எகிப்தியப் பெண்ணின் கால்கள் நீரில் அமிழ்ந்ததையும், சூலமித்தியின் கால்கள் மிதியடியில் அழகாக இருந்ததையும் அடுத்தடுத்து வைக்கிறது. பின்னது பாஸ்காக் காலத்தில் வாசிக்கப்படும் இனிமைமிகு பாடலின் காதல் வரி: "மிதியடி அணிந்த உன் கால்கள் எத்தனை அழகு!" காதலன் காதலியைப் பார்த்துச் சொன்னதை எடுத்து, கடலடியில் நடக்கும் ஒரு மக்கள் கூட்டத்தின் காலில் அணிவித்துவிட்டார். படை, தேர், குதிரை எதுவும் அந்தக் கண்ணியில் இல்லை. இரண்டு சோடிக் கால்கள் மட்டும். ஒரு சோடி நனைந்தது, மற்றது நனையவில்லை.

ஹலேவி 'குஸாரி' என்ற தம் உரைநடை நூலில், அந்நிய யாப்பைக் கொண்டுவந்தது எபிரேயத்துக்குத் தீங்கு என்று எழுதினார். அதே யாப்பில் அவரைப் போல் எழுதியவர்களோ மிகச் சிலரே. 1140 செப்டம்பரில் ஸ்பெயினிலிருந்து அலெக்ஸாந்திரியா வந்து சேர்ந்தவர், மறு ஆண்டு மே மாதம் பாலஸ்தீனத்துக்குக் கப்பலேறி, அந்தக் கோடையிலேயே காலமானார். எருசலேம் வாயிலில் குதிரைவீரன் ஒருவன் மிதித்துக் கொன்றான் என்ற கதை மிகப் பிந்தியது. கப்பல் விவரம் நமக்குக் கிடைத்தது அவருடைய நண்பர்களின் கடிதங்களிலிருந்து, எஸ். டி. கொய்த்தைன் அவற்றைக் கண்டெடுத்தது, யன்னாய் கிடைத்த அதே கெய்ரோ கெனிஸாவில்.

சேலம் வாசகர் ஒருவர்: இவையெல்லாம் துதிப் பாட்டுகள்தானா? சட்டம், விதிமுறை போன்றவற்றையும் பாட்டாக்கினார்களா?

தாராளமாக. 11ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் லிமோஜ் நகரில் வாழ்ந்த யோசேப்பு தோவ் எலெம், பாஸ்காவின் விதிகளையெல்லாம் ஒரு நீண்ட பாட்டாக்கி, முந்தைய ஓய்வுநாளில் பாட வைத்தார். விதிப் பகுதி இன்று சிலர் வாயில்தான் இருக்கிறது. "பாஸ்காவின் ஒழுங்கு முறைப்படி நிறைவேறியது" என்ற அதன் முடிவு மட்டும் ஹகதாவில் சேர்ந்து, விருந்து முடிந்ததற்கு அறிவிப்பாகிவிட்டது.

நாகர்கோவில் வாசகி ஒருவர்: கொச்சி யூதர்களும் இவற்றைப் பாடினார்களா?

கொச்சியில் எபிரேயப் பியூத் மரபு செழித்திருந்தது. அங்கே பெண்கள் மலையாளத்தில் தனியே ஒரு பாட்டுச் செல்வத்தை வைத்திருந்ததோடு, எபிரேயப் பாட்டுகளையும் ஆண்களுடன் சேர்ந்து பாடினார்கள். வேறு பல யூத சமூகங்களில் காணக் கிடைக்காத வழக்கம் அது. 1950களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது பாட்டுகளும் உடன் சென்றன.

புதுச்சேரி வாசகர் ஒருவர்: இவ்வளவு பாட்டையும் மக்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்களா, ஏட்டைப் பார்த்துப் பாடினார்களா?

அச்சு வருவதற்கு முன் பெரும்பாலான ஊர்களில் ஹஸ்ஸானிடம்தான் ஏடு இருக்கும். மற்றவர்கள் கேட்டு, பல்லவி வரும் இடத்தில் சேர்ந்துகொள்வார்கள். லைலா, லைலா என்று ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்ததும், 'பெதல்' என்று ஒவ்வொரு கண்ணியும் முடிந்ததும் கையில் ஏடில்லாத இவர்களுக்காகவும்தான்.

திருவிழாப் பாட்டுகளைத் தொகுத்த ஏட்டுக்கு 'மஹ்ஸோர்' என்று பெயர். சுழற்சி என்று பொருள். அவற்றுள் ஒன்று ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரத்து மஹ்ஸோர், 1272இல் எழுதி முடிக்கப்பட்ட பெரிய தோல் ஏடு. அது தொழுகைக்கூடத்திலேயே கிடக்கவில்லை. திருவிழா வரும்போது யாராவது ஒருவர் உரியவர் வீட்டிலிருந்து தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. அதில் பாஸ்காவின் பனிப் பாட்டுக்கு முகவுரையாக வரும் பாட்டின் முதற்சொல் 'பெதாத்தோ'. அந்த ஒரு சொல்லைப் பக்கத்தின் தலைப்பில் மிகப் பெரிதாக, எழுத்துகளின் உட்புறம் வெறுமையாக இருக்கும்படி வரைந்திருக்கிறார்கள். அந்த வெற்றிடங்களுக்குள் சிறிய எழுத்தில், எபிரேயத்தில் அல்ல, வீட்டில் பேசிய இத்திஷ் மொழியில், இயைபு பொருந்திய இரண்டு அடிகள் இருக்கின்றன: "இந்த மஹ்ஸோரைத் தொழுகைக்கூடத்துக்குச் சுமந்து செல்பவனுக்கு நல்ல நாள் விடியட்டும்." இத்திஷ் மொழியில் காலம் குறிப்பிடப்பட்டுக் கிடைத்த மிகப் பழைய வாக்கியம் அதுதான். 1938 நவம்பரில் நாஜிகள் அந்த ஊர்த் தொழுகைக்கூடத்தை எரிக்கும்வரை மஹ்ஸோர் அங்கே பயன்பாட்டில் இருந்தது. நகர ஆவணக் காப்பாளர் அதைப் பேராலயத்தில் மறைத்து வைத்துக் காப்பாற்றினார். 1957இல் அது ஜெருசலேமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இப்போது அங்குள்ள தேசிய நூலகத்தில் இருக்கிறது.